ஒன்றரைக்கு வராத வல்லாரை

"பச்சிலைதானே, அதுக்கு என்ன சோதனை வேண்டிக்கிடக்கு" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹட்டனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் முன்மேசையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பெயர் சிசிலி. வருகிற பொட்டலங்களை வாங்கி, எண் ஒட்டி, கையெழுத்து வாங்கி உள்ளே அனுப்புவது என் வேலை. முன்பெல்லாம் தேயிலையும் தண்ணீரும்தான் வரும். இப்போது நான்கைந்து வருடமாக மூலிகை மாத்திரைகள் வந்து குவிகின்றன. ஞாபக சக்திக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, முழங்கால் வலிக்கு ஒன்று. அரிசி மாவை அடைத்து முருங்கை என்று போத்தலில் எழுதி விற்ற புண்ணியவானையும் இந்த மேசையில்தான் பார்த்தேன். மனுசன் சட்டைப் பையில் செபமாலை வேறு வைத்திருந்தான்.

அந்த மாதிரிப் பொய்களை உள்ளே இருந்து பிடிக்கிறவள் ஜீவராணி. இந்தக் கதை அவளைப் பற்றியது.

டயகமத் தோட்டத்துக்காரி. அம்மா கொழுந்து பறித்தவர். அப்பா ஸ்டோரில் வேலை செய்தவர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்தாள். பல்கலைக்கழகம் மயிரிழையில் தப்பிப் போனது. ஆளாளுக்கு டீச்சராகப் போகச் சொன்னார்கள். இவள் கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடப் பயிற்சியை முடித்துவிட்டு எங்களிடம் கண்ணாடிக் குடுவை கழுவ வந்தாள். ஆமாம், கழுவத்தான். வந்த முதல் மாதமே ஆய்வுகூடப் பெரியவரிடம் போய், "சார், இந்தத் தராசு காலையில ஒண்ணு காட்டுது, மத்தியானம் ஒண்ணு காட்டுது" என்றாள். குடுவை கழுவுகிறவள் தராசைப் பற்றிப் பேசுவதா என்று அவர் முறைத்தார். பழுது பார்க்கிற ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தால், ஜன்னல் வெயில் தராசின் மேலேயே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. பதினொரு வருடம் ஆயிற்று. இன்றைக்கு மூலிகைப் பகுதி முழுக்க அவள் கையில்.

அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. எண் கேட்டால் எண் வரும், ஆறுதல் வராது. முகத்துக்கு நேரே "இல்ல, தேறல" என்பாள். பிறகு என்ன, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது யார்? நான்தான்.

போன ஜூலை மழையில் வீரம்மா வந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று.

வீரம்மா பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெண்கள் சங்கத்தின் தலைவி. ஒன்பது பேர். தேயிலை பிடிக்காத சதுப்புப் பள்ளம் ஒன்றை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி வல்லாரை போட்டிருந்தார்கள். அதைக் காய வைத்து, தூளாக்கி, கொழும்பில் கேப்சூல் செய்கிற ஒரு கம்பனிக்குக் கொடுத்தார்கள். வல்லாரைக்குள் ஆசியாட்டிகோசைட் என்று ஒரு பொருள் இருக்கிறது. ஞாபக சக்தி, தோல், நரம்பு என்று கம்பனி எதைச் சொல்லி விற்றாலும் அதை வைத்துத்தான் விற்கிறது. காய்ந்த தூளில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது அது இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இரண்டு தடவை அனுப்பினார்கள். இரண்டு தடவையும் ஒன்றரைக்குக் கிட்டவும் வரவில்லை.

மூன்றாம் தொகுதியை அனுப்புவதற்குள் கம்பனி கடிதம் அனுப்பியது. அதை மேசையில் விரித்து வைத்தார் வீரம்மா. ஆங்கிலத்தில் இருந்தது. வேறு இலை கலந்திருப்பதாகச் சந்தேகப்படுகிறோம், வெளி ஆய்வுகூடம் ஒன்றில் சோதித்து அடுத்த புதன்கிழமைக்குள் அறிக்கை தராவிட்டால் ஒப்பந்தம் ரத்து, மற்ற கம்பனிகளுக்கும் இதைத் தெரிவிப்போம் என்று எழுதியிருந்தது.

"தங்கச்சி, இதுல கலப்படம்னு எழுதியிருக்காமே. அந்த எழுத்து எதுன்னு காட்டுங்க" என்றார்.

நான் விரல் வைத்துக் காட்டினேன். அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க ஒன்பது பேர்ல ஒருத்தி ஒரு புல்லைக் கலந்திருந்தாலும் என் கைய வெட்டிருங்க. தோட்டத்துல இப்பவே பேசுறாங்க, திருட்டுச் சங்கம்னு. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க கிட்டயே கேக்குறாங்க."

அவர் கொண்டுவந்த மூன்றாம் தொகுதிப் பொட்டலத்துக்கு எண் போட்டு உள்ளே அனுப்பினேன். வியாழக்கிழமை ஜீவராணி வெளியே வந்தாள். வீரம்மா காலையிலிருந்தே எங்கள் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ரெண்டு சோதனை செஞ்சேன்" என்றாள். "முதல்ல, இது வல்லாரைதானான்னு பார்த்தேன். ஒரு தகட்டுல உங்க தூளோட சாறையும் நிச்சயமான வல்லாரைச் சாறையும் பக்கத்துல பக்கத்துல பொட்டு வச்சு ஏத்தினா, கோடு கோடாப் பிரியும். ஒவ்வொரு செடிக்கும் ஒரு வரிசை. உங்களது சுத்தமான வல்லாரை. வேற இலை இல்ல."

வீரம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரெண்டாவது, மெஷின்ல அளந்தது. ஒன்றரை இருக்கணும். சுழி தசம் ஆறு இரண்டுதான் இருக்கு. தேறல."

கும்பிட்ட கை அப்படியே இறங்கியது.

கலப்படம் இல்லை என்றால் கம்பனி விட்டுவிடுமா? விடாது. இலை சரி, சத்து இல்லை என்றால், சக்கையைக் கொடுத்தார்கள், சாறை வேறு எங்கோ விற்றார்கள் என்று அடுத்த பழியைப் போடும். மாத்திரைக்காரர்களை நான் அறிவேன். வீரம்மாவுக்கும் அது புரிந்துவிட்டது.

"புள்ள, நீ டயகமன்னு சொன்னாங்க. நம்ம சனந்தானே. ஒரு புள்ளியக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன குறைஞ்சிரும்? யாருக்கு நட்டம்?"

"முடியாதுக்கா."

அவ்வளவுதான். "மன்னிச்சிக்குங்க" கூடக் கிடையாது. எனக்கு வந்ததே கோபம். வீரம்மாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நேரே உள்ளே போனேன்.

"அடியே, நெஞ்சுல ஈரம் வேணாமா? இல்லன்னு சொல்றதையும் ஒரு பக்குவமாச் சொல்லலாம்ல?"

அவள் நிமிரவே இல்லை. மெஷின் அச்சடித்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளில் ஒரு கோடு தரையோடு தரையாக ஓடி, ஒவ்வொரு பொருள் வரும்போதும் மலைபோல எழுந்து இறங்கும். மலை பெரிதென்றால் பொருள் அதிகம்.

"சிசிலி அக்கா, இதப் பாருங்க. இந்தச் சின்ன மலைதான் கம்பனி கேட்கிற பொருள். இங்க, தள்ளி, ஒரு பெரிய மலை இருக்குல்ல? இதை யாரும் கேட்கல. வல்லாரையில இது இவ்வளவு பெருசா வரவே கூடாது."

"அது என்ன?"

"அதே பொருள்தான், உடைஞ்சது. முழுசா இருந்தது எங்கயும் போகல. இலைக்குள்ளயே உடைஞ்சு வேறயா மாறியிருக்கு. இவங்க திருடல. யாரோ இதை உடைக்கிறாங்க, உடைக்கிறது தெரியாம."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். தராசைப் பற்றிச் சொன்ன நாளிலும் இதே குரல்தான். என் கோபம் பாதி இறங்கிற்று. மீதியை நான் விடவில்லை. அவளுக்கு அது தேவைப்படும்.

ஜீவராணி வெளியே வந்து வீரம்மாவிடம் கேட்டாள். இலை மழையில் கிடந்ததா? இல்லை. ஈரச் சாக்கில் கட்டி வைத்தார்களா? இல்லை. என்னதான் செய்கிறீர்கள் என்றால், "பறிக்கிறோம், அலசுறோம், காய வைக்கிறோம், அரைக்கிறோம்" என்று பாடம் ஒப்பித்த மாதிரி சொன்னார். தப்பு எதுவும் இல்லை. ஜீவராணி சுவர்க் கலண்டரைப் பார்த்தாள்.

"சனிக்கிழம நான் வர்றேன். நீங்க வழக்கமா என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க. எனக்காக எதையும் மாத்தாதீங்க."

சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தலவாக்கலையில் பஸ் மாறி, பூண்டுலோயாவில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. மழை விட்டிருந்தது. சங்கத்தின் கொட்டகை என்பது பழைய பிள்ளைக் காம்பரா. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடமாக இருந்தது. சுவரில் இன்னும் கிளியும் முயலும் வரைந்திருந்தது. ஓரத்தில் ஏதோ ஒரு திட்டத்தில் கிடைத்த மின்சார உலர்த்தி, அலுமாரி உயரத்துக்கு நின்றது.

பெண்கள் பள்ளத்திலிருந்து கூடை கூடையாக ஏற்றினார்கள். வல்லாரை அவ்வளவு பச்சை. மூன்று தண்ணீரில் அலசினார்கள். ஜீவராணி எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தாள். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், குறை சொல்ல வழியே இல்லை. பிறகு சோலைமலை வந்தார்.

சோலைமலை ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் கொழுந்தைக் காற்றில் பரத்தி வாட்டிய மனிதர். ஓய்வு எடுத்த பிறகு, சங்கத்துக்கு உலர்த்துகிற வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாராம். அலசிய இலையை அவர் உலர்த்தியில் வைக்கவில்லை. கம்பி வலைத் தட்டுகளில் பரத்தினார். கீழே மின்விசிறியைப் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இதை எப்ப உலர்த்தியில வைப்பீங்க?" என்று ஜீவராணி கேட்டாள்.

"நாளைக்குக் காலையில."

"அதுவரைக்கும்?"

"வாடணும்ல."

அரிசியை எதுக்கு உலையில் போடுகிறீர்கள் என்று கேட்ட மாதிரி வீரம்மா அவளைப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். இலை என்றால் வாட்ட வேண்டும். வாட்டாத இலையை யார் அடுப்பில் வைப்பார்கள்?

ஜீவராணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏன்க்கா இதை அன்னைக்கே சொல்லல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? கொழுந்துன்னா வாட்டத்தானே செய்வாங்க."

"எனக்கும் கேட்கத் தோணலயே. நானும் ஸ்டோர்காரர் மகதான்" என்று சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? நூற்றைம்பது வருடமாக இந்த மலையில் எந்த இலை பறித்தாலும் வாட்டித்தான் பழக்கம். அது ஒரு வேலை என்றே யாருக்கும் தோன்றாமல் போய்விட்டது.

சோலைமலை எழுந்து வந்தார். நேற்று வாட்டி வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு பிடி இலையை அள்ளி இறுக்கிப் பிடித்து, கையை விரித்துக் காட்டினார். இலை உருண்டையாக அப்படியே நின்றது. "பாத்தீங்களா? விரிஞ்சா வாட்டம் பத்தல. நின்னா பதம். இதுக்கப்புறம் உள்ளங்கையில லேசா ஒரு உருட்டு உருட்டுவேன், சீக்கிரம் காயும். என் கையில வாடின கொழுந்துல ஒரு தட்டுகூட வீணாப் போனதில்ல. துரைமாரே வந்து என் கையத்தான் கேப்பாங்க."

"உங்க கை சரிதான் மாமா. இலைதான் வேற" என்றாள் ஜீவராணி.

"என்ன வேற?"

"தேயிலைய வாட்டி உருட்டுறது எதுக்கு? உள்ள இருக்கிறது உடைஞ்சு மாறணும், அப்பத்தான் நிறமும் மணமும் வரும். உடையறதுதான் அங்க வேலை. இதுல உடையாம இருக்கிறதைத்தான் கம்பனி கேட்குது. ராத்திரி பூரா வாட்டி, காலையில உருட்டி, நீங்க ரொம்ப நல்லா உடைச்சுக் குடுத்திருக்கீங்க."

மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. "நேத்துப் பொறந்த புள்ள எனக்கு வாட்டம் சொல்லித் தர வந்திருச்சு. பச்சையா வச்சா வெந்து கருகிப் போகும். அதையும் எழுதிக்க."

வேறு யாராவது என்றால் இங்கே கெஞ்சியிருப்பார்கள், இல்லாவிட்டால் கத்தியிருப்பார்கள். அவள் இரண்டும் செய்யவில்லை. "என்னை நம்ப வேணாம் மாமா. இன்னைக்குப் பறிச்ச இதே இலையை ரெண்டாப் பிரிங்க. ஒரு பாதிய உங்க முறைப்படி வாட்டி, உருட்டிக் காய வைங்க. மத்தப் பாதிய மெல்லிசாப் பரத்தி, சூட்டைக் குறைச்சு, இப்பவே உள்ள வைங்க. ரெண்டையும் நீங்களே பொட்டலம் கட்டுங்க. எது எதுன்னு ஒரு தாள்ல எழுதி உங்க சட்டைப் பையில வச்சுக்குங்க. எனக்குச் சொல்லாதீங்க."

சோலைமலை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தோத்தா?"

"தோத்தா உங்க வாட்டத்தைப் பத்தி வாயத் திறக்க மாட்டேன்."

திங்கட்கிழமை காலை சோலைமலையும் வீரம்மாவும் இரண்டு பொட்டலங்களோடு வந்தார்கள். எண் போட்டு உள்ளே அனுப்பினேன். எது எந்த எண் என்று எனக்கும் தெரியாது. சாறு எடுத்து, வடித்து, மெஷினில் ஏற்றி, ஒவ்வொன்றையும் மும்மூன்று தடவை அளந்தாள். செவ்வாய் மத்தியானம் இரண்டு பேரும் மறுபடியும் எங்கள் வாங்கில். சோலைமலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீரம்மா கம்பனிக் கடிதத்தை மடியில் வைத்து மடித்து விரித்து, மடித்து விரித்ததில் அது மடிப்பில் கிழியவே தொடங்கிவிட்டது. மாதாவே, இந்தப் பெண்ணின் பேரைக் காப்பாற்று என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஜீவராணி வந்தாள். "முதல் பொட்டலம், சுழி தசம் ஐந்து எட்டு. ரெண்டாவது, ஒன்று தசம் ஏழு ஒன்று."

சோலைமலை சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். பார்த்தார். மறுபடியும் பார்த்தார். தாளை வீரம்மாவிடம் கொடுத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதல் பொட்டலம் அவர் வாட்டியது.

வீரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வேணும்னு செய்யலண்ணே நீங்க" என்றார். அவர் காதில் அது விழவில்லை.

அவர் எழுந்து ஜீவராணியின் முன்னால் நின்றார். "புள்ள, அந்தக் காயிதத்துல எழுதிரு. கெடுத்தது சோலைமலைன்னு. பொம்பளைங்க பேரு வேணாம். திருட்டுச் சங்கம்னு சொல்றானுங்க. என் பேரைப் போடு."

இப்போதாவது இவள் ஒரு ஆறுதல் சொல்ல மாட்டாளா என்று பார்த்தேன்.

"அறிக்கையில ஆளோட பேரு வராது மாமா" என்றாள். "இலையோட பேரு மட்டுந்தான் வரும். வல்லாரை, சுத்தம், வேற இலை எதுவும் இல்ல. அதுக்குக் கீழ எண். அதுக்கும் கீழ, எதனால குறைஞ்சது, எப்படிக் காய வச்சா குறையாதுங்கிறது. ரெண்டு பொட்டலத்தையும் காட்டி எழுதியிருக்கேன். இதுல கெட்டவங்க யாரும் இல்ல."

பதினொரு வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஆறுதல் அது. அதையும் அறிக்கை வாசிக்கிற குரலில்தான் சொன்னாள். சோலைமலை தலையை ஆட்டிக்கொண்டே போய் வாங்கில் உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து, சூட்டை எவ்வளவில் வைக்க வேண்டும், எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அறிக்கைகள் இரண்டு. ஒன்று, வியாழக்கிழமை தேறாமல் போன மூன்றாம் தொகுதி. மற்றது இந்த இரண்டு பொட்டலங்கள். இரண்டையும் வீரம்மாவிடம் காட்டிவிட்டு, கம்பனிக்கு மின்னஞ்சலில் அனுப்ப ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன். அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது.

"அக்கா, அந்தத் தோத்த தாள் எதுக்கு?" என்றேன் மெல்லமாக. "கலப்படம் இல்லன்னு ரெண்டாவதுலயும் இருக்கு. ஒன்று தசம் ஏழு ஒன்றும் இருக்கு. இதை மட்டும் அனுப்புவோம். அது உங்க தாள், அனுப்புறதும் அனுப்பாததும் உங்க விருப்பம்."

ஜீவராணி நிமிர்ந்தாள். வீரம்மாவையே பார்த்தாள்.

போன வாரம் புள்ளியைத் தள்ளிப் போடச் சொன்ன அதே வீரம்மா, தோற்ற தாளை என் கையிலிருந்து வாங்கி மேலே வைத்தார். "இதை முதல்ல அனுப்புங்க தங்கச்சி. அப்புறம் அது."

"ஏன்க்கா?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா?" என்றார். எனக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. நியாயமாகவே தொங்கிற்று.

அனுப்பி ஒரு மணி நேரம் இருக்கும். வீரம்மாவின் போன் அடித்தது. கம்பனியில் இலை வாங்குகிற அதிகாரி. எல்லோரும் கேட்கட்டும் என்று வீரம்மா ஒலிபெருக்கியைப் போட்டார். அந்த அதிகாரி மஹத்தயா சிங்களத்தில்தான் பேசினார். அறிக்கைகளைப் பார்த்தேன் என்றார். கலப்படம் என்று எழுதியது தவறு, நாளைக்கே கடிதத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார். வீரம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதிகாரி ஒன்று கேட்டார். ஒன்று தசம் ஏழு ஒன்று கையில் இருக்கும்போது, தேறாத அந்தப் பழைய அறிக்கையை எதற்கு அனுப்பினீர்கள்? அதை யாருமே அனுப்ப மாட்டார்களே?

வீரம்மாவின் சிங்களம் சந்தைச் சிங்களம். சொல் தேடிக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்.

"அதுவும் எங்க இலைதான் சார். நாங்க ஒண்ணும் கலக்கல."

அந்தப் பக்கம் அதிகாரி தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர், வாரத்துக்கு எத்தனை கிலோ தர முடியும் என்று கேட்டார்.